ஸ்கூட்டர் பின் ஷாக்: ரப்பர், தூக்குப் பட்டை போட்ட வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எப்படி? (தருமபுரி – கிருஷ்ணகிரி)

#1 பாலக்கோடு_பால்கேன்

அண்ணன்களுக்கு வணக்கம். வண்டி 110 சிசி ஸ்கூட்டர், கார்புரேட்டர் மாடல், பத்து இஞ்ச் வீல். பின்னாடி இடது பக்கம் மட்டும் ஒரு ஷாக். செகண்ட் ஹேண்டா வாங்கினது. முன்னாடி வச்சிருந்தவர் லோடு அடிக்க ரெண்டு வேலை பண்ணி வச்சிருக்கார். ஒண்ணு, ஸ்பிரிங் சுத்துக்கு நடுவுல ரெண்டு ரப்பர் பஃபர். இன்னொண்ணு, ஷாக்குக்குக் கீழ 30 மி.மீ. உயரம் ஏத்துற இரும்புப் பட்டை.

தினம் காலையில 40 லிட்டர் பால் கேன் ஒண்ணு பால் சொசைட்டிக்குப் போகுது, பின் கேரியர்ல தொங்கும். மத்த நேரம் ஒருத்தர் இல்ல டபுள்ஸ்.

இப்ப இருக்கிற பிரச்சனை:
சின்ன கல்லு ஏறினாலே முதுகுல அடிக்குது. ஸ்பீடு பிரேக்கர் தாண்டினா பின்பக்கம் ரெண்டு மூணு தடவை துள்ளுது. தொப்பூர் இறக்கத்துல வளைவுல ஹேண்டில் லேசா ஆடுது. சென்டர் ஸ்டாண்டு போட்டா பின் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் நிக்குது. சைடு ஸ்டாண்டுல வண்டி ரொம்பச் சாய்ஞ்சு நிக்குது. ஷாக் அடியில எண்ணெய்ப் பிசுக்கு.

புது ஷாக் போடணும்னு தெரியுது. எந்த மாதிரி போடணும், வீட்டுலயே மாத்த முடியுமா, பட்டையை வச்சுக்கலாமா எடுக்கணுமா? விவரமா சொல்லுங்க.

#2 ஸ்பேனர்14 (கிருஷ்ணகிரி)

தம்பி, ஷாக் வாங்கும் முன் எது கெட்டிருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். பின்பக்கம் என்பது மூன்று சமாச்சாரம்: எடையைத் தாங்கும் ஸ்பிரிங், துள்ளலை அடக்கும் எண்ணெய் டேம்பர், இரண்டையும் வண்டியோடு பிடித்து நிறுத்தும் புஷ். எல்லாவற்றுக்கும் "ஷாக் போச்சு" என்றே சொல்லிவிடுகிறோம். நீங்கள் சொல்லும் குறிகளில் மூன்றுமே கலந்திருக்கின்றன.

முதலில் காற்று. பின் டயரில் ஒருவருக்கு எத்தனை, இருவருக்கு எத்தனை என்று ஸ்டிக்கரில் போட்டிருக்கும். இந்த வகை வண்டிகளில் 29, 36 பிஎஸ்ஐ என்பது பொதுவாகப் பார்க்கும் அளவு. லோடுக்கென்று 45 வைத்து ஓட்டினால் எந்த ஷாக் போட்டாலும் முதுகில் அடிக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

அடுத்து புஷ். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து இட வலமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் சக்கர பேரிங், இல்லையென்றால் இன்ஜினைச் சேசிஸோடு தொங்கவிடும் ஹேங்கர் லிங்க்கின் ரப்பர் புஷ். கடகட சத்தம் வந்தால் ஒருவர் ஆட்டும்போது இன்னொருவர் லிங்க் மேல் விரலை வைத்துப் பார்த்தால் எங்கே விளையாடுகிறது என்று கையிலேயே தெரியும். வளைவில் ஹேண்டில் ஆடுவதற்கு இதுவும் காரணமாகலாம். இதைச் சரிசெய்யாமல் புது ஷாக் போட்டால் பாதிப் பணம் வீண்.

பிறகு டேம்பர். பின்பக்கத்தைப் பலமாக ஒரு அமுக்கு அமுக்கி விடுங்கள். மேலே வந்து நின்றுவிட வேண்டும், அதிகபட்சம் ஒரு சின்னத் தாழ்வு. இரண்டு மூன்று தடவை துள்ளினால் எண்ணெயோ வால்வோ போய்விட்டது. டேம்பருக்குள் போய் வரும் கம்பியான ராடில் மெல்லிய ஈரப்படலம் இருப்பது இயல்பு, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலுக்கு அது தேவை. ஆனால் எண்ணெய் வழிந்து கீழ்ப் பக்கம் புழுதியோடு சேர்ந்து கறுப்புக் களிம்பாக அப்பியிருந்தால் சீல் போய்விட்டது. பர்கூர், தேன்கனிக்கோட்டை பக்கம் கிரானைட் குவாரிப் புழுதியில் ஓடும் வண்டிகளில் இது சீக்கிரம் வரும். அந்தப் புழுதி குவார்ட்ஸ் கலந்தது. ராடில் ஒட்டி உள்ளே போய்ச் சீலின் உதட்டை அறுத்துவிடும்.

கடைசியாக ஸ்பிரிங். அதற்கு டேப்பை எடுத்து மூன்று அளவு எடுங்கள். பின் அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே பாடியில் ஒரு புள்ளி குறித்துக்கொள்ளுங்கள்.

அளவு 1: ஷாக் முழுக்க நீண்ட நிலை.
அளவு 2: வண்டி தன் சக்கரத்தில், யாரும் உட்காராமல்.
அளவு 3: நீங்கள் உட்கார்ந்து, இரண்டு காலையும் ஃபுட்போர்டில் வைத்து. முன்னால் ஒருவர் ஹேண்டிலைப் பிடிக்கட்டும்.

அளவு 1-ல் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த ஸ்கூட்டர்களில் சென்டர் ஸ்டாண்டு சேசிஸில் இல்லை, இன்ஜின் கூட்டில் மாட்டியிருக்கும். அதனால் ஸ்டாண்டில் நின்றாலும் பாடியின் எடை ஷாக் மேல்தான் இருக்கும். சந்தேகம் இருந்தால் ஸ்டாண்டில் நிறுத்திச் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள், அமுங்கும். ஆகவே பின் கைப்பிடியைப் பிடித்து இதற்கு மேல் வராது என்னும்வரை பாடியைத் தூக்கிவிட்டு அளக்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டுத் தப்பான அளவை வைத்து முடிவெடுக்கிறார்கள்.

கேனை மாட்டியும் ஒரு அளவு எடுத்துப் போடுங்கள்.

#3 தொப்பூர்_வளைவு

எதுக்கு இவ்ளோ அளவு? 150 சிசி பைக்கோட ஷாக் ஒண்ணு வாங்கி, கண்ணுல (போல்ட் போற முனை வளையம்) புஷ் மட்டும் லேத்துல கடைஞ்சு போட்டா போதும். நல்லா ஹார்டா இருக்கும், ரெண்டு கேன் கூட ஏத்தலாம். இந்தப் பக்கம் தக்காளி ஏத்துற வண்டி நிறைய அப்படித்தான் ஓடுது.

#4 ராயக்கோட்டை_லேத்து

தொப்பூர் தம்பி, அந்தப் புஷ்ஷைக் கடையச் சொல்லி எங்கள் பட்டறைக்கும் வருகிறார்கள். கடைவது பெரிய வேலை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்த பைக்கில் இரண்டு பக்கமும் ஷாக் உண்டு, எடையை இரண்டும் பங்கு போடும். ஸ்பிரிங்கும் வால்வும் அந்தப் பங்குக்கு ஏற்பச் செய்தவை. நீளம் வேறு, கோணம் வேறு, கண்ணின் அகலம் வேறு. ஸ்கூட்டரில் ஒற்றை ஷாக் இன்ஜின் கூட்டின் இடது ஓரத்தைத் தாங்குகிறது. கண் ஒரு பக்கம் இழுத்து உட்கார்ந்தால் ராட் நேராக ஓடாது. சீலை ஒரு பக்கமாகத் தேய்த்து, இரண்டே மாதத்தில் எண்ணெய் விடும்.

ஸ்பிரிங் கணக்கையும் சொல்கிறேன், இது தெரிந்தால் பல குழப்பம் தீரும். ஸ்பிரிங்கின் விறைப்பு, கம்பியின் தடிமனுக்கு நான்காம் அடுக்கில் ஏறும். சுருளின் விட்டத்துக்கு மூன்றாம் அடுக்கில் இறங்கும். வேலை செய்யும் சுற்றின் எண்ணிக்கை குறைந்தால் அதே விகிதத்தில் ஏறும். 7 மி.மீ. கம்பிக்குப் பதில் 7.5 போட்டால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் விறைப்பு 32 சதவீதம் கூடிவிடும். பத்துச் சுற்று ஸ்பிரிங்கில் ரப்பர் பஃபர் இரண்டு சுற்றை முடக்கினால் மீதி எட்டு, 25 சதவீதம் கூடும். ரப்பரே கெட்டியாக இருந்தால் அழுந்த அழுந்த இன்னும் ஏறும். அதோடு, ரப்பர் முட்டும் இடத்தில்தான் முறுக்கு முழுக்கக் குவிகிறது. மழைத் தண்ணீர் அங்கேயே தேங்கித் துரு பிடிக்கிறது. உடைந்து வரும் ஸ்பிரிங் பெரும்பாலும் பஃபர் இருந்த சுற்றில்தான் உடைந்திருக்கும்.

இதைவிடப் பெரிய கோளாறு டேம்பரில். அழுந்திய ஸ்பிரிங் திரும்பி வரும்போது அதை அடக்குவது எண்ணெய்தான். ஸ்பிரிங்கை 32 சதவீதம் விறைப்பாக்கினால் எண்ணெயின் பிடிமானமும் சுமார் 15 சதவீதம் கூட வேண்டும். யாரும் அதைக் கூட்டுவதில்லை. "ஹார்டு ஷாக்" போட்ட வண்டி ஸ்பீடு பிரேக்கரில் சீட்டை விட்டுத் தூக்கிப் போடுவது இதனால்தான்.

அடுத்து அந்த 30 மி.மீ. பட்டை. பின்பக்கம் 30 ஏறி, முன்னும் பின்னும் சக்கர இடைவெளி 1,250 மி.மீ. என்றால் முழு வண்டியும் சுமார் 1.4 டிகிரி முன்னால் குனிகிறது. ஹேண்டில் தண்டு அவ்வளவுக்கு நிமிர்கிறது. தண்டின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரத்தை ட்ரெயில் என்பார்கள். பத்து இஞ்ச் சக்கரத்தில் அது ஏறக்குறைய 6 மி.மீ. குறைந்துவிடும். ஹேண்டில் தானாக நேராக வரும் குணம் அதில்தான் இருக்கிறது. போதாததற்குப் பின்னால் தொங்கும் கேன் முன் சக்கரத்தின் எடையைக் குறைக்கிறது. தொப்பூர் இறக்கத்தில் லாரிக்குப் பக்கத்தில் ஹேண்டில் லேசாவதை "கொஞ்சம் ஆடுது" என்று விட்டுவிடக் கூடாது.

ஹெட்லைட்டும் அதே 1.4 டிகிரி கீழே குனிந்திருக்கும். பத்து மீட்டர் தள்ளி வெளிச்சம் 24 செ.மீ. தாழ்ந்து விழும். ஸ்டாண்டு தொல்லைகளும் அதே பட்டையால்தான்.

பட்டையில் இன்னொரு ஆபத்து. ஷாக்குக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கூடுதலாக ஒரு மூட்டு வந்துவிட்டது. போல்ட் சற்றுத் தளர்ந்தாலும் லோடில் அது முழங்கால் போல மடங்கப் பார்க்கும். கழற்றி எறியுங்கள்.

#5 பாலக்கோடு_பால்கேன்

அளந்துட்டேன். எல்லாம் மி.மீ.

அளவு 1 (பாடியைத் தூக்கி): 412
அளவு 2 (சும்மா): 409
அளவு 3 (68 கிலோ ஒருத்தர்): 400
ஒருத்தர் + கேன் பின்னால: 388

அமுக்கி விட்டா மூணு தடவை துள்ளுது. சக்கர பேரிங் நல்லா இருக்கு. ஹேங்கர் புஷ்ல லேசா ஆட்டம் இருக்கு.

#6 ஸ்பேனர்14

அருமையாக அளந்திருக்கிறீர்கள். இதுவே பதில் சொல்லிவிட்டது.

இந்த வகை ஸ்கூட்டரில் பின் சக்கரம் மேல் கீழ் போகும் தூரம் சுமார் 80 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர் உட்கார்ந்ததும் அதில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இறங்கி நிற்க வேண்டும், அதாவது 20 முதல் 27. உங்களுக்கு 412-லிருந்து 400, வெறும் 12. சும்மா நிற்கும்போது 3. பள்ளம் வந்தால் சக்கரம் கீழே தொங்கி ரோட்டைப் பிடிக்க இடமே இல்லை. அதனால் பள்ளத்தில் டயர் காற்றில் நிற்கிறது, மேட்டில் முதுகில் அடிக்கிறது. கேன் ஏற்றிய பிறகுதான் 24 வருகிறது. அந்த வண்டி காலையில் அரை மணி நேரத்துக்குச் சரியாகவும் மீதி நாள் முழுக்கத் தப்பாகவும் இருக்கிறது. அதோடு டேம்பரும் செத்துவிட்டது.

ஆக, முடிவு: பட்டை, ரப்பர் இரண்டையும் எடுங்கள். கம்பெனி அளவு ஷாக், உங்கள் மாடலின் பார்ட் நம்பரோடு. மூன்று நிலை அட்ஜஸ்டர் (ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தை மாற்றும் படி வளையம்) உள்ளது உங்கள் வண்டிக்குப் பொருந்துமானால் அதை வாங்குங்கள், லோடுக்கு உதவும். ஹேங்கர் லிங்க் புஷ் செட்டும் சேர்த்து.

கடையில் பெட்டியைப் பிரித்தே வாங்குங்கள். பட்டையைத் தவிர்த்து, பழைய ஷாக்கின் மேல் கண் நடுவிலிருந்து கீழ்க் கண் நடுவரை உள்ள நீளத்தை ஒரு குச்சியில் குறித்துக்கொண்டு போய் ஒப்பிடுங்கள். 2, 3 மி.மீ. வித்தியாசம் பரவாயில்லை, 10 என்றால் வேறு மாடல். கண்ணின் அகலம், உள்ளே இருக்கும் இரும்பு ஸ்லீவின் துளை இரண்டையும் பாருங்கள். ராடில் நகத்தை ஓட்டினால் சொரசொரப்பு தட்டக் கூடாது. ஓசூரில் ஷாக் தயாரிக்கும் கேப்ரியல் தொழிற்சாலையே இருக்கிறது, நம் பக்கத்தில் நல்ல சரக்குக்குப் பஞ்சமில்லை. ஹாலோகிராம், பார்ட் நம்பர், தயாரித்த மாதம் இல்லாத பெட்டியை வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

மாற்றும் முறை:

வேண்டியவை 10, 12, 14 சாக்கெட், அதே அளவில் ரிங் ஸ்பேனர், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், டார்க் ரெஞ்ச், அட்ஜஸ்டர் திருப்பும் கொக்கி ஸ்பேனர், துரு இளக்கும் ஸ்பிரே, ஒரு நல்ல கயிறு, மரக்கட்டை. மேல் நட் நைலான் பூட்டு வகை என்றால் புதுசு ஒன்று.

முதல் நாள் ராத்திரியே மேல் கீழ் இரண்டு போல்ட்டுக்கும் ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள். இதை விட்டுவிட்டுக் காலையில் சுத்தியலை எடுத்தால் கீழ் லக் (ஷாக் போல்ட் பூட்டும் காது) விரிசல் விடும். அது இன்ஜின் கூட்டின் அலுமினியம், மாற்ற முடியாது.

வண்டி சூடு ஆறியிருக்கட்டும், சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு. இப்போது முன்பு சொன்ன சூட்சுமம் ஞாபகத்தில் இருக்க வேண்டும்: ஷாக்கைக் கழற்றியதும் சக்கரம் கீழே விழாது, பாடிதான் டயர் மேல் இறங்கும். விரல் நடுவில் இருந்தால் நசுங்கும். பின் கைப்பிடியைக் கயிற்றால் உத்தரத்தில் கட்டுங்கள். உத்தரம் இல்லையென்றால் பாடியைத் தூக்கிப் பிடிக்க ஒருவர் கட்டாயம் வேண்டும், மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் மரக்கட்டையும் வையுங்கள்.

சீட்டைத் தூக்கி, டிக்கிப் பெட்டியின் போல்ட்டுகளைக் கழற்றி, பெட்டியைச் சீட்டோடு மேலே எடுங்கள். பெரும்பாலும் 10 சாக்கெட். பெட்டியின் அடியில் ஒயர் சாக்கெட் இருந்தால் இழுக்காமல் பிரியுங்கள். திறந்ததும் கார்புரேட்டர் பக்கம் ஒரு துணியைப் போட்டு மூடுங்கள், நட் உள்ளே விழுந்தால் தேடுவது பெரும்பாடு. சில மாடலில் இடது சைடு பேனலும் வர வேண்டும். பேனலின் கிளிப்பை வெளிப்பக்கம் இழுக்காமல் எந்தப் பக்கம் வழுக்கும் என்று பார்த்து நகர்த்துங்கள், பழைய பிளாஸ்டிக் சட்டென்று உடையும்.

கீழ்ப் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள். ஏர் ஃபில்டர் பெட்டி இடிக்கும் மாடலில் அதன் இரண்டு போல்ட்டை எடுத்துச் சற்று நகர்த்திக்கொள்ளுங்கள். கயிறு எடையைத் தாங்குகிறதா என்று பார்த்தபின் கீழ்ப் போல்ட்டை உருவுங்கள். போல்ட் இறுகி வராவிட்டால் பாடி சற்று ஏறியோ இறங்கியோ இருக்கிறது. கயிற்றைச் சற்றுக் கூட்டியோ தளர்த்தியோ பாருங்கள், தானே கையோடு வரும். அந்த நிலையில் பட்டையும் கழன்றுவிடும். அப்புறம் மேல் நட், வாஷர். வாஷர்கள் எந்தப் பக்கம் எத்தனை என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

புது ஷாக் கடையில் படுத்தே கிடந்திருக்கும், உள்ளே காற்றும் எண்ணெயும் கலந்திருக்கும். வண்டியில் நிற்கும் வாக்கிலேயே நிறுத்தி, உடல் எடையைப் போட்டு நான்கைந்து தடவை அமுக்கி விட்டபின் மாட்டுங்கள். எண்ணெய்க் குழாய் கீழா மேலா என்பது பழையது இருந்தபடியேதான். தலைகீழாக மாட்டினால் காற்று வால்வுக்கு வந்துவிடும், முதல் நாளே துள்ளும்.

மேல் போல்ட்டைக் கையால் மாட்டி விடுங்கள், இறுக்க வேண்டாம். கீழ்ப் போல்ட் அலுமினிய மரையில் போகிறது. கையாலேயே நான்கைந்து சுற்றுப் போக வேண்டும், போகாவிட்டால் மரை ஏறவில்லை என்று அர்த்தம். ஸ்பேனரால் தள்ளினால் மரை போய், இன்சர்ட் போடுகிற வேலை வந்து சேரும்.

இறுக்குவது எப்போது என்பது முக்கியம். கயிற்றை அவிழ்த்து, ஸ்டாண்டை எடுத்து, வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம். ஷாக் நீண்ட நிலையில் இறுக்கிவிட்டால் ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சில மாதத்தில் கிழியும். இறுக்க அளவு கையேட்டில் இருந்தால் அதுதான் சட்டம். இல்லையென்றால் 8 மி.மீ. மரைக்கு 22–26 நியூட்டன் மீட்டர், 10 மி.மீ. மரைக்கு 34–40 என்ற வரம்பில் வையுங்கள். ரப்பரில் சாதாரண கிரீஸ் படக் கூடாது, ஊதி மெத்தென்று ஆகிவிடும். போல்ட்டின் வழவழப்பான தண்டில் மட்டும் மெல்லியதாகத் தடவலாம்.

பட்டை போனதால் இன்ஜின் நிற்கும் கோணம் மாறும். பின் பிரேக் கேபிளின் தளர்வு, ஏர் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ் எங்காவது இழுக்கிறதா மடங்குகிறதா என்று பாருங்கள். ஹெட்லைட்டை யாராவது உயர்த்தி வைத்திருந்தால் திரும்ப இறக்க வேண்டும், இல்லையென்றால் எதிரில் வருபவர் கண் கூசும்.

#7 காரிமங்கலம்_சந்தை

பழைய ஷாக்கையே எண்ணெய் மாத்தி, சீல் மாத்திக் குடுக்கிறாங்களே, அது செலவு கம்மி ஆச்சே? ராயக்கோட்டை அண்ணன்தான் சொல்லணும்.

#8 ராயக்கோட்டை_லேத்து

செய்யலாம், ஆனால் எல்லா ஷாக்குக்கும் இல்லை. பெட்டியிலோ குழாயிலோ "கேஸ்" என்று இருந்தால் கை வைக்கவே கூடாது. உள்ளே நைட்ரஜன் அழுத்தத்தில் இருக்கும். துளை போட்டாலோ வெல்டிங் வைத்தாலோ தெறிக்கும்.

கேஸ் இல்லாத பழைய வகையில், மடித்த விளிம்பைக் கடைந்து எடுத்து, மரை போட்டு மூடி செய்துதான் திறக்க முடியும். அங்கே நடக்கும் தப்பு மூன்று.

ஒன்று, இன்ஜின் ஆயில் ஊற்றுவது. அது இதற்குக் கெட்டி. அதோடு நுரை அடக்கும் தன்மை இந்த வேலைக்குப் போதாது. பத்து கிலோமீட்டர் குண்டும் குழியுமான ரோட்டில் நுரைத்துவிடும், நுரைக்கு வால்வில் பிடிமானம் கிடையாது. ஃபோர்க் ஆயில், 10 கிரேடு அளவில், அதுதான் ஊற்ற வேண்டும்.

இரண்டு, விளிம்புவரை நிரப்புவது. எண்ணெய் அழுந்தாது. ராட் உள்ளே நுழையும்போது அதன் கன அளவுக்கு இடம் வேண்டும். 10 மி.மீ. ராட் 60 மி.மீ. உள்ளே போனால் 4.7 கன செ.மீ. இடம் பிடிக்கிறது. அதைப் போல இரண்டு மூன்று மடங்காவது காற்று இடம் விட வேண்டும். விடாவிட்டால் முதல் பெரிய பள்ளத்திலேயே ஷாக் இரும்புத்தடி போல் நின்று, சீல் பிய்த்துக்கொண்டு வரும்.

மூன்று, குழி விழுந்த ராடில் புது சீல் மாட்டுவது. துருக்குழியை எமரி போட்டுத் தேய்த்தால் குரோம் போகும், ராட் இளைக்கும். அந்தச் சீல் நிற்காது. ராடில் சீல் ஓடும் பாகத்தில் ஒரு குழி இருந்தாலும் ரீகண்டிஷன் வேலை வேண்டாம்.

ஸ்பிரிங்கைக் கழற்றுவதற்கு முறையான அமுக்கி வேண்டும். கயிறு கட்டி, காலால் மிதித்துப் பூட்டை எடுப்பது மணிக்கட்டு உடையும் வேலை. என் கருத்து, அன்றாடம் எடை ஏற்றும் ஸ்கூட்டருக்குப் புதுசுதான். புது மாடல் கிடைக்காத பழைய வண்டிக்கு மட்டும் ரீகண்டிஷன்.

#9 அரூர்_எக்ஸ்எல்

எக்ஸ்எல் மாதிரி ரெண்டு பக்கம் ஷாக் இருக்கிற வண்டிக்கும் இதேதானா?

#10 ஸ்பேனர்14

கிட்டத்தட்ட இதேதான். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் பின் சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொண்டு டயர் ஒரு பக்கம் தேயும். அட்ஜஸ்டர் இரண்டும் ஒரே படியில். ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் தாங்கு கயிறுகூடத் தேவைப்படாது. ஸ்விங் ஆர்ம் உள்ள மின்ஸ்கூட்டரில் ஸ்டாண்டு பெரும்பாலும் சேசிஸில் இருக்கும், அங்கே சக்கரம்தான் தொங்கும். சீட்டில் உட்கார்ந்து பார்க்கும் அதே சோதனையில் எது என்று தெரிந்துவிடும்.

#11 ஓசூர்_சிப்காட்

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்துறதைத் தடுக்குது. 2019 திருத்தத்துல வந்த 182ஏ-ன்படி, சட்டம் அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபா அபராதமோ ஆறு மாசம் வரை சிறையோ, ரெண்டுமோ விதிக்கலாம். விபத்து நடந்தா இன்சூரன்ஸ் சர்வேயர் அந்தப் பட்டையைப் படம் எடுத்துப் போவார். அதே அளவு கம்பெனி ஷாக் போட்டா இந்த வம்பே இல்ல.

#12 பாலக்கோடு_பால்கேன்

பட்டையும் ரப்பரும் எடுத்துடறேன். ஆனா கேன் தினம் போயே ஆகணும். சாதா ஸ்பிரிங் தாங்குமா? அட்ஜஸ்டரைக் கடைசிப் படியில வச்சா ஸ்பிரிங் ஹார்டு ஆயிடும் இல்லையா?

#13 ஸ்பேனர்14

ஆகாது. அட்ஜஸ்டர் ஸ்பிரிங்கின் விறைப்பைக் கூட்டாது, முன்னழுத்தத்தைத்தான் கூட்டும். லோடு ஏறியதும் தாழ்ந்த வண்டியைத் திரும்ப உயர்த்தி நிறுத்தும், அவ்வளவுதான். ஒருவர் மட்டும் போகும்போது முதல் படிக்குத் திருப்புங்கள். கொக்கி ஸ்பேனரில் ஒரு நிமிஷ வேலை. படியில் சேறு இருந்தால் கழுவிவிட்டுத் திருப்புங்கள், இல்லையென்றால் பல் தேயும்.

உங்கள் பிரச்சனையில் பாதி, கேன் தொங்கும் இடம். 40 லிட்டர் பால் ஏறக்குறைய 41 கிலோ, அலுமினியக் கேன் சேர்த்து 48 என்று வையுங்கள். அது பின் அச்சுக்கு 250 மி.மீ. பின்னால் தொங்கினால் பின் சக்கரத்தில் 48 இல்லை, 57 கிலோவுக்கு மேல் ஏறும். முன் சக்கரத்தில் ஒன்பதரை கிலோ குறையும். அதே கேனை ஃபுட்போர்டில், பின் அச்சுக்கு 650 மி.மீ. முன்னால் வைத்தால் பின்னால் 23, முன்னால் 25. சாதா ஸ்பிரிங்கும் அட்ஜஸ்டரும் அதைத் தாராளமாகத் தாங்கும்.

ஃபுட்போர்டில் வைப்பதென்றால் இரண்டு பக்கமும் ஹேண்டிலை முழுக்கத் திருப்பி, கேனின் வாய் எங்கும் இடிக்கவில்லை என்று பார்க்க வேண்டும். பிரேக் அடித்தால் முன்னால் சரியாதபடி கீழும் மேலும் இரண்டு இடத்தில் கட்டுங்கள். கால் வைக்க இடம் போதாவிட்டால், அல்லது ஹேண்டில் இடித்தால், ஒரே கேனை இரண்டு 20 லிட்டராகப் பிரியுங்கள், ஒன்று கீழே, ஒன்று சீட்டின் பின்பாதியில் அச்சுக்கு முன்னால். பால் அரைகுறையாக இருந்தால் வளைவில் கேனுக்குள் ஆடும். நிறைந்த கேன்தான் ஓட்ட நல்லது.

மொத்தச் சுமை வரம்பு, ஓட்டுபவரையும் சேர்த்து, 110 சிசி ஸ்கூட்டர்களில் 130 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். 68-ம் 48-ம் 116. கேனோடு டபுள்ஸ் போக இடமில்லை.

#14 தொப்பூர்_வளைவு

ஃபுட்போர்டு கணக்கு புரியுது அண்ணா. மாம்பழ சீசன்ல கிரேட் ஏத்துற பசங்ககிட்டயும் இதைச் சொல்லணும், எல்லாத்தையும் பின்னாடிதான் அடுக்கறாங்க. ஸ்பிரிங் மேட்டர்ல ராயக்கோட்டை அண்ணன் சொன்னது சரிதான், பஃபர் இருந்த சுத்துலதான் உடையுது, நானும் பார்த்திருக்கேன்.

#15 பாலக்கோடு_பால்கேன்

மாத்தியாச்சு. ஹேங்கர் புஷ்ஷும் புதுசு. அட்ஜஸ்டர் முதல் படியில அளவு: 384, 376, 358. ஒருத்தர் உட்கார்ந்தா 26 இறங்குது. ரெண்டாம் படியில, கேன் ஃபுட்போர்டுல வச்சு 352. அமுக்கி விட்டா ஒரே தடவையில நிக்குது. சென்டர் ஸ்டாண்டுல சக்கரம் நல்லா தூக்கி நிக்குது. ஹேண்டில் ஆட்டம் இல்ல.

ரெண்டு சந்தேகம் பாக்கி. மெதுவா போகும்போது மேல்பக்கம் கீச்னு ஒரு சத்தம். பழைய ஷாக்கைக் காயலான் கடையில போட்டுடலாமா?

#16 ஸ்பேனர்14

அளவு கச்சிதம். 26 என்பது வரம்பின் மேல் ஓரம், டபுள்ஸ் போகும்போது இரண்டாம் படிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கீச் சத்தம் பெரும்பாலும் மேல் கண்ணின் ரப்பர் பக்கவாட்டில் வாஷரோடு உரசுவது. வண்டி சக்கரத்தில் நிற்கும்போது மேல் நட்டைத் தளர்த்தி, வாஷரின் உள்பக்கம் சிலிகான் கிரீஸ் துளி வைத்து, அதே அளவில் திரும்ப இறுக்குங்கள். நீங்கியதா என்று பின்பக்கத்தை அமுக்கிக் கேட்டுப் பாருங்கள். நீங்காவிட்டால் டிக்கிப் பெட்டியின் போல்ட் ஒன்று சரியாக உட்காரவில்லை, பெட்டி பாடியில் உரசுகிறது. 500 கிலோமீட்டர் ஓடியதும் மேல் கீழ் இரண்டையும் ஒரு தடவை டார்க் ரெஞ்சில் பார்த்துவிடுங்கள்.

#17 ராயக்கோட்டை_லேத்து

பழையதைக் காயலான் கடையில் போடும் முன் குழாயில் "கேஸ்" என்று இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். இருந்தால் கடைக்காரரிடம் வாயால் சொல்லிக் கொடுங்கள், கேஸ் கட்டரை வைத்துவிடுவார்கள். கேஸ் இல்லாததென்றால் எண்ணெயை ஒரு டப்பாவில் வடித்து, வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கழிவு ஆயிலோடு சேர்க்கச் சொல்லுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். பட்டையையும் ரப்பரையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். பட்டையை இரண்டாக அறுத்து இரும்போடு போட்டுவிடுங்கள்.